எழுவாய் இல்லாத வாக்கியங்கள்

போரில் சிதைந்த நாடுகளின் நிர்வாகம், வளர்ச்சி பற்றிய ஆராய்ச்சி இன்று ஒரு தனித் துறை. அதன் உரைநடையை ஓர் இலக்கிய விமர்சகன் படித்தாக வேண்டும் என்று எனக்குப் படுகிறது. ஏனெனில் இங்கே வார்த்தை பணமாகவும் படையாகவும் மாறுகிறது.

முதலில் பெயர். 2005-ல் அமெரிக்காவில் வெளிவரத் தொடங்கிய ஒரு வருஷாந்தரப் பட்டியல் 'தோல்வியுற்ற அரசுகள்' என்று பேசியது. 2014-ல் அதையே 'உடையக்கூடிய அரசுகள்' என்று மாற்றிக்கொண்டது. 12 குறியீடுகள், ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண். 120-ஐ நெருங்க நெருங்க நிலைமை மோசம். வெளியார் தலையீடு அந்தப் 12-ல் ஒன்று, அவ்வளவுதான். கண்ணாடிச் சாமான் பெட்டியின்மேல் 'உடையக்கூடியது' என்று ஒட்டினால் அது தூக்குகிறவனுக்கு எச்சரிக்கை. இந்த ஆராய்ச்சியில் அது உள்ளே இருக்கும் பொருளின் குணமாகிவிடுகிறது. தூக்கியவன், கீழே போட்டவன் வாக்கியத்தில் இல்லை. 'வலுப்படுத்தப்பட வேண்டும்', 'உறுதிசெய்யப்பட வேண்டும்' என்று செயப்பாட்டு வினைகளே அணிவகுக்கின்றன.

இத்துறையில் நான் மதிக்கும் நூல் அஷ்ரஃப் கனியும் கிளேர் லாக்ஹார்ட்டும் 2008-ல் எழுதிய 'ஃபிக்ஸிங் ஃபெயில்ட் ஸ்டேட்ஸ்'. கனி மானிடவியலாளர், உலக வங்கியில் இருந்தவர், 2002 முதல் 2004 வரை ஆப்கானிஸ்தானின் நிதியமைச்சர். அரசுக்குப் பத்துப் பணிகளை நூல் வகுக்கிறது. சட்டப்படி ஓர் அரசுக்கு உள்ள இறையாண்மைக்கும், காரியத்தில் அதனால் செய்ய முடிவதற்கும் உள்ள இடைவெளியைச் சுட்டுகிறது. உதவி தரும் நாடுகள் அரசுக்கு இணையாக நிறுவனங்களை நடத்தி அரசையே உள்ளீடற்றதாக்குகின்றன என்று துணிந்து சொல்கிறது. இங்கே எழுவாய் இருக்கிறது. ஆனால் தலைப்பின் 'ஃபிக்ஸிங்' மெக்கானிக்கின் சொல். பழுதுபார்க்கிறவன் இயந்திரத்துக்கு வெளியே நிற்பவன்.

அரசு தன் மக்களோடு ஓர் உடன்படிக்கை, உலகத்தோடு இன்னொன்று செய்துகொள்ள வேண்டும் என்பது நூலின் யோசனை. இரண்டும் மோதினால்? கனி 2014-ல் ஜனாதிபதியானார். 2019-ல் உலக வங்கியின் கணக்குப்படி ஆப்கானிஸ்தானின் பொதுச் செலவில் ஏறத்தாழ முக்கால் பங்கு அயல்நாட்டு நன்கொடை. கொடுப்பவனுக்கே கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. மக்களோடான உடன்படிக்கை காகிதத்தில் நின்றது. 2021 ஆகஸ்ட் 15 அன்று கனி காபூலை விட்டுப் போனார். இதைக் கேலி செய்வது சுலபம், நான் செய்யமாட்டேன். தான் பெயரிட்ட இடைவெளிக்குள்ளேயே ஒரு மனிதர் ஆட்சி நடத்த நேர்ந்தது. பத்துப் பணிகளின் பட்டியல் அதற்குத் தயார்செய்யவில்லை.

இன்னொரு வகை எழுத்தும் உண்டு. ஆப்கான் புனர்நிர்மாணச் செலவைத் தணிக்கை செய்ய அமெரிக்க காங்கிரஸ் 2008-ல் அமைத்த அலுவலகத்தின் அறிக்கைகள் அவை. அமெரிக்கா கொட்டிய பணமே ஊழலைப் பெருக்கியது என்று அதன் 2016 அறிக்கை சொல்லிற்று. 20 வருஷங்களில் சுமார் 14,500 கோடி டாலர் செலவான கதையை 2021 அறிக்கை சொல்கிறது. அழகற்ற உரைநடைதான். ஆனால் யார் கொடுத்தார், யார் அவசரப்பட்டார், யார் கண்ணை மூடிக்கொண்டார் என்று அதன் வாக்கியங்கள் சொல்லிவிடுகின்றன. பல பண்டிதர்களின் எழுத்தைவிட இந்தத் தணிக்கையாளர்களின் எழுத்து மேல் என்பதே என் தீர்மானம்.

2010 பிப்ரவரியில் மார்ஜாவைப் பிடிக்கப் போன அமெரிக்கத் தளபதி, ஓர் அரசாங்கத்தையே பெட்டியில் போட்டுத் தயாராக வைத்திருப்பதாகச் சொன்னார். உருவகம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. அந்தப் பெட்டிக்குள் போகச் சம்மதித்தார்களா என்று மார்ஜாவின் விவசாயிகளை யாரும் கேட்கவில்லை. எழுவாயை விழுங்கும் நடையில் எழுதிப் பழகியவர்களுக்கு அந்தக் கேள்வி தோன்றவும் தோன்றாது.