வாட் கணக்கும் வாங்குவோர் கணக்கும்

"நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும்" என்று தேர்வில் எழுதும் மாணவரிடம், "எந்த அழுத்தத்தில்?" என்று ஆசிரியர் கேட்பார். விடையில் அது இல்லாவிட்டால் மதிப்பெண்ணையும் குறைப்பார். அளந்த நிலையைச் சொல்லாத எண் அறிவியலில் அரை எண்தான். ஆனால் கடைக்குச் சென்றதும் இந்தப் பாடத்தை நாம் மறந்துவிடுகிறோம். வீட்டுத் திரையரங்கு அமைக்க விரும்பிப் பல ஆயிரம் ரூபாயுடன் செல்பவர், சரவுண்டு ரிசீவரின் அட்டைப் பெட்டியில் "135 வாட்" என்று பெரிய எழுத்தில் இருப்பதைப் பார்க்கிறார். பக்கத்துப் பெட்டியில் "100 வாட்" என்று இருக்கிறது. முன்னதே உயர்ந்தது என்று முடிவு செய்துவிடுகிறார். அந்த முடிவு சரிதானா என்பதைப் பள்ளி இயற்பியலைக் கொண்டே ஆராயலாம்.

ரிசீவர் செய்யும் வேலை

ஒரு திரைப்படத்தின் ஒலி இன்று பல தடங்களாகப் பதிவாகிறது. 5.1 என்னும் முறையில் முன்னே இடம், நடு, வலம் என மூன்றும், பக்கங்களில் இரண்டும் ஆக ஐந்து தடங்கள் உள்ளன. புள்ளிக்குப் பின்னுள்ள 1 என்பது, சுமார் 120 ஹெர்ட்சுக்குக் கீழ்ப்பட்ட தாழ்ந்த ஒலிகளுக்கான தனித் தடம். 1992-இல் வெளிவந்த டால்பி டிஜிட்டல் முறையும் 1993-இல் வந்த டி.டி.எஸ். முறையும் இந்த அமைப்பைத் திரையரங்குகளில் பரப்பின. இத்தடங்களைப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே பெருக்கி, உரிய ஒலிபெருக்கிக்கு அனுப்புவது ரிசீவரின் வேலை. எனவே அது ஒரு பெட்டிக்குள் அடங்கிய ஐந்தோ ஏழோ பெருக்கிகள் எனலாம். இத்தனை பெருக்கிகளுக்கும் மின்சாரம் வழங்கும் மின்மாற்றி பெரும்பாலும் ஒன்றுதான். இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக் கொண்டால் மேலே வருவன எளிதில் விளங்கும்.

ஒரே பெட்டி, மூன்று எண்கள்

நடுத்தர விலையுள்ள ஒரு ரிசீவரின் விவரத்தாளை எடுத்துக் கொள்வோம். அதில் திறன் மூன்று வகையாகத் தரப்பட்டிருக்கலாம். இரண்டு தடங்களை ஒருங்கே இயக்கி, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, 0.09 விழுக்காடு திரிபுடன் 70 வாட். ஒரே தடத்தை இயக்கி, 1000 ஹெர்ட்சில் மட்டும், 0.9 விழுக்காடு திரிபுடன் 100 வாட். அதே ஒற்றைத் தடத்தில், 1000 ஹெர்ட்சில், 10 விழுக்காடு திரிபுடன் 135 வாட். மூன்றும் ஒரே கருவியின் அளவீடுகள். மூன்றும் பொய்யல்ல. ஆனால் பெட்டியின் முகப்பில் ஏறுவது மூன்றாவது எண்; முதல் எண்ணோ பொடி எழுத்தில் உள்ளே அடங்கிக் கிடக்கிறது.

மூன்றாவது எண் எப்படிப் பெரிதாயிற்று? பெருக்கிக்குக் கொடுக்கப்படும் மின்னழுத்தத்திற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு மேல் அலை உயர முயலும்போது அதன் முடி வெட்டுண்டு தட்டையாகிவிடுகிறது. சைன் அலையாக நுழைந்தது சதுர அலையை நெருங்கி வெளிவருகிறது. ஒரே உச்ச மின்னழுத்தம் கொண்ட சைன் அலையையும் சதுர அலையையும் ஒப்பிட்டால், சதுர அலையின் சராசரித் திறன் இரு மடங்கு என்பதை மாணவர்கள் தாமே கணக்கிட்டுக் காணலாம். ஆக, ஒலி கெடக் கெட வாட் கூடுகிறது! 10 விழுக்காடு திரிபில் வரும் ஒலியை இசை என்று எவரும் விரும்பிக் கேட்கமாட்டார். கருவியின் குறையை அதன் பெருமையாக அச்சிடுவதே இங்கு நிகழ்கிறது.

ஒரு தடத்தை மட்டும் இயக்குவதிலும் இதே சூழ்ச்சி உண்டு. ஐவர் பங்கிட வேண்டிய உணவை ஒருவரே உண்டால் அவர் வயிறு நிறையும். அதைக் காட்டி ஐவருக்கும் அவ்வளவு கிடைக்கும் என்று சொல்ல முடியுமா?

இது புதிய வழக்கமும் அன்று. பெருக்கி விளம்பரங்களில் கண நேர உச்சத் திறன் போன்ற பலவகை எண்கள் பெருகியதால், அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 1974-இல் இதற்கென ஒரு விதியை வகுத்தது. தொடர்ந்து தரக்கூடிய திறனையே சொல்ல வேண்டும். அளந்த நிலையையும் உடன் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். 2024-இல் அது திருத்தப்பட்டு, 8 ஓம் சுமை, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், திரிபுக்கு ஓர் உச்ச வரம்பு என்று நிலைகளும் வரையறுக்கப்பட்டன. அவ்விதி அந்நாட்டு விற்பனைக்கு உரியது. நம் ஊரில் சிறிய பாட்டுப் பெட்டிகளின் மேல் "பி.எம்.பி.ஓ." என்ற அடைமொழியோடு ஆயிரக்கணக்கான வாட் அச்சிட்டு விற்ற காலத்தை வாசகர்கள் அறிவார்கள். அந்த அளவுக்குப் பொதுவான வரையறையே கிடையாது.

ஆற்றல் அழியாமை விதி

என் வகுப்பில் ஒரு முறை மாணவர் ஒருவர் இத்தகைய விளம்பரத்தாளைக் கொண்டுவந்தார். "ஐந்து தடங்கள், தடம் ஒன்றுக்கு 135 வாட். அப்படியானால் மொத்தம் 675 வாட்தானே, சார்?" என்று கேட்டார். தாளைத் திருப்பி, கருவி மின்சார இணைப்பிலிருந்து எடுக்கும் திறன் எவ்வளவு என்று படிக்கச் சொன்னேன். 260 வாட் என்று இருந்தது. வகுப்பு சிரித்தது. உள்ளே போவதைவிட வெளியே வருவது மிகுதி என்றால் அது நித்திய இயக்கப் பொறியாக அல்லவா இருக்க வேண்டும்?

ஆனால் சிரிப்போடு நின்றுவிடக் கூடாது. கருவியின் பின்புறம் அச்சிட்டிருக்கும் இந்த எண் உச்ச அளவன்று. வழக்கமான ஒலிப்பில் கருவி எடுக்கும் திறனைக் குறிப்பது. உள்ளே இருக்கும் பெரிய மின்தேக்கிகள் சிறிது ஆற்றலைச் சேமித்து வைத்து, வெடியோசை போன்ற குறுகிய ஒலிகளுக்குக் கண நேரம் கடன் கொடுக்கும். ஆகவே 260-ஐக் காட்டி 675 முழுப்பொய் என்று தீர்ப்பளிப்பதும் அவசரமே. எனினும் இத்தகைய பெருக்கிகளின் பயனுறுதிறன் முழு ஒலிப்பிலும் சுமார் 50 முதல் 60 விழுக்காடுதான். ஐந்து தடங்களும் தொடர்ந்து 135 வாட் தர வேண்டுமானால் கருவி ஆயிரம் வாட்டுக்கு மேல் உட்கொள்ள வேண்டும். அத்தகைய மின்மாற்றி எடையிலேயே தன்னைக் காட்டிக்கொள்ளும். பெட்டியைத் தூக்கிப் பார்ப்பதும் ஒருவகைச் சோதனைதான்.

செவியின் கணக்கு வேறு

சரி, 135 உண்மையாகவே 135 என்று வைத்துக் கொள்வோம். 70 வாட்டைவிட அது எவ்வளவு உரத்துக் கேட்கும்? ஒலிச் செறிவின் விகிதத்தை நம் செவி மடக்கை முறையில் உணர்கிறது. 135-ஐ 70-ஆல் வகுத்து, மடக்கை எடுத்து, 10-ஆல் பெருக்கினால் 2.9 டெசிபெல் கிடைக்கும். இது கவனித்துக் கேட்டால் தெரியும் வேறுபாடு, அவ்வளவே. ஓசை இரு மடங்கு உரத்ததாகத் தோன்றச் சுமார் 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு வாட் தேவை.

நமக்கு வேண்டியதுதான் எவ்வளவு? ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் 87 டெசிபெல் தரும் ஒலிபெருக்கியை எடுத்துக்கொள்வோம். மூன்று மீட்டரில், எதிரொலியைக் கணக்கில் சேர்க்காவிட்டால், அது சுமார் 78 டெசிபெலாகக் குறையும். இயல்பான உரையாடல் ஏறத்தாழ 60 டெசிபெல். எனவே குடும்பத்தோடு படம் பார்க்கையில் பெரும்பாலான நேரம் ஒரு வாட்டுக்கும் குறைவே செலவாகிறது. 10 வாட்டில் 88 டெசிபெல், 100 வாட்டில் 98 டெசிபெல். அண்டை வீட்டார் கதவைத் தட்ட இது போதும்!

இன்னொன்றும் இதிலிருந்து பெறப்படும். 87-க்குப் பதில் 90 டெசிபெல் தரும் ஒலிபெருக்கியை வாங்கினால், ரிசீவரின் திறனை இரட்டித்த பயன் கிடைத்துவிடும். ஆனால் இங்கும் நிலையைக் கேட்க வேண்டும். சிலர் ஒரு வாட்டுக்குப் பதில் 2.83 வோல்ட் கொடுத்து அளக்கிறார்கள். 8 ஓம் ஒலிபெருக்கியில் அது ஒரு வாட். 4 ஓம் ஒலிபெருக்கியில் இரண்டு வாட். காசில்லாமல் 3 டெசிபெல் ஏறிவிடுகிறது. மேலும் 4 ஓம் ஒலிபெருக்கி அதே மின்னழுத்தத்தில் இரு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ரிசீவர் எத்தனை ஓம் வரை தாங்கும் என்பதைப் பார்க்காமல் அதை இணைத்தால், வெப்பமேறிக் கருவி நின்றுபோகும்.

அறையை யார் கணக்கிடுவது?

வாட்டுக்கு அடுத்த கவர்ச்சி தடங்களின் எண்ணிக்கை. ஐந்தைவிட ஏழு மேல், ஏழைவிட ஒன்பது மேல் என்று விற்பனையாளர் சொல்வார். 2012-இல் அறிமுகமான டால்பி அட்மாஸ் முறைக்குப் பின் தலைக்கு மேலும் ஒலிபெருக்கிகள் வந்துவிட்டன. இவை நல்ல முன்னேற்றங்களே, மறுப்பதற்கில்லை. ஆனால் பின்புற ஒலிபெருக்கிகள் கேட்பவரின் முதுகுக்குப் பின்னே சற்றுத் தள்ளி இருக்க வேண்டும். சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருக்கும் அறையில் அவற்றுக்கு இடம் ஏது? அங்கு ஏழு தட ரிசீவர் வாங்குபவர் இரண்டு தடங்களுக்கு வீணாகப் பணம் தருகிறார்.

ரிசீவர்களுக்குள் இன்று உண்மையில் பாராட்டத்தக்கது, உடன் வரும் சிறிய ஒலிவாங்கியால் ஒவ்வோர் ஒலிபெருக்கியின் தொலைவையும் அளந்து சரிசெய்யும் வசதியாகும். 30 பாகை வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் செல்லும். ஒரு பெட்டி மற்றதைவிட 2 மீட்டர் அருகில் இருந்தால் அதன் ஒலி ஏறத்தாழ 6 மில்லிநொடி முந்தி வந்துவிடும். முந்தி வரும் ஒலியின் திசையிலிருந்தே முழு ஒலியும் வருவதாக நாம் உணர்கிறோம் என்று ஹெல்முட் ஹாஸ் 1949-இல் விளக்கினார். எனவே அருகிலுள்ள பெட்டியின் ஒலியை ரிசீவர் அதே அளவு தாமதப்படுத்துகிறது. இந்த நுட்பம் பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் வருவது அரிது.

ஆனால் எந்த ரிசீவராலும் சுவரைத் திரைச்சீலையாக்க முடியாது. ஹார்வர்டில் ஒரு விரிவுரை மண்டபத்தின் எதிரொலியைக் குறைக்க 1895-இல் ஆய்வைத் தொடங்கிய வாலஸ் சபைன், இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பி, முழக்கம் அடங்கும் நேரத்தை அளந்தார். அவர் கண்ட வாய்பாடு எளியது: அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, மொத்த உட்கவர்தலால் வகுக்க வேண்டும். 4 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள அறையின் கன அளவு 42 கன மீட்டர். சுவர், தரை, கூரையின் பரப்பு 73 சதுர மீட்டர். எல்லாம் சிமெண்டும் மொசைக்கும் என்றால், உட்கவர் எண்ணை 0.03 எனக் கொள்ளலாம். முழக்க நேரம் 3 நொடிக்கு மேல் வரும். ஒரு வசனம் அடங்குமுன் அடுத்த வசனம் அதன் மேல் ஏறிவிடும். "சத்தம் நிறைய வருகிறது, பேச்சுதான் புரியவில்லை" என்று பலர் குறைப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தடித்த திரைச்சீலை, கம்பளம், மெத்தை, புத்தக அலமாரி ஆகியவற்றால் மொத்த உட்கவர்தல் 12 சதுர மீட்டராக உயர்ந்தால், நேரம் அரை நொடியளவுக்கு இறங்கிவிடும். கூடுதல் வாட்டுக்குத் தரும் பணத்தில் ஒரு பகுதி இதற்குப் போதும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஆகவே கடையில் "எத்தனை வாட்?" என்று கேட்பதை விட்டு, நான்கு கேள்விகளைக் கேட்கலாம். எத்தனை தடங்களை ஒருங்கே இயக்கி அளந்தது? எந்த அதிர்வெண்களில்? எத்தனை ஓம் சுமையில்? எத்தனை விழுக்காடு திரிபில்? இவற்றுக்கு விடையுள்ள இரு ரிசீவர்களைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிடலாம். விடை ஒன்றாகவே இருந்தால், 70-க்கும் 80-க்கும் உள்ள வேறுபாட்டுக்காகப் பணத்தைக் கூட்டித் தர வேண்டுவதில்லை, அது 0.6 டெசிபெல்தான்.

உற்பத்தியாளர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மடக்கையும் டெசிபெலும் வாட்டும் நம் பாடநூல்களில் இருக்கின்றன. ஆனால் அவை தேர்வு முடிந்ததும் நூலோடு மூடப்பட்டுவிடுகின்றன. ஒரு விளம்பரத்தாளை வகுப்புக்குக் கொண்டுவந்து, அதிலுள்ள எண்களைச் சோதிக்கும்படி மாணவர்களிடம் கொடுத்தால், இரண்டு பாடவேளைகளில் நடத்தும் பாடம் ஒன்றிலேயே பதிந்துவிடும். பெரிய எழுத்தில் உள்ள எண்ணை நம்பி வாங்குவோர் இருக்கும் வரை, சிறிய எழுத்து மேலும் சிறிதாகிக்கொண்டேதான் போகும்.