கயிறு இழுக்கும் கை

பழைய அம்பாசடரில் பின் கண்ணாடி தளர்ந்துவிட்டதைக் காதுதான் முதலில் கண்டுபிடிக்கும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பின் சீட்டுக்கு மேலே கடகடவென்று ஒரு சத்தம் வரும். டிக்கியில் ஏதோ உருள்கிறது என்று திறந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் சங்கதி வெளியே வந்துவிடும். சீட்டின் முதுகில் ஈரம், டிக்கித் தரையில் தண்ணீர், வண்டி முழுக்க ஊறிப்போன துணியின் வாடை. அந்த நேரத்தில் பல பட்டறைகளில் கை நேராக சிலிகான் ட்யூபுக்குத்தான் போகிறது. ரப்பரின் மேலேயே சுற்றிவரப் பிதுக்கி, விரலால் வழித்துவிட்டு, "சரியாயிடுச்சு சார்" என்று அனுப்பிவிடுவார்கள். நல்ல கண்ணாடி ஃபிட்டர் அந்த ட்யூபைத் தொடமாட்டார். அவருக்கு வேண்டியது புது ரப்பர் பீடிங், ஒரு கிண்ணம் சோப்புத் தண்ணீர், உறுதியான நைலான் கயிறு. இவற்றை வைத்துக்கொண்டு அவர் செய்யும் வேலையை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுத்ததில்லை.

இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி வந்த வண்டி அம்பாசடர். மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் 2014 வரை செய்தார்கள். அந்தக் காலத்து வழக்கப்படி அதன் பின் கண்ணாடியை ரப்பர் பீடிங்தான் பிடித்து நிற்கிறது. பீடிங்கைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், முதுகோடு முதுகாக இரண்டு பள்ளம் இருக்கும். ஒன்றுக்குள் கண்ணாடியின் ஓரம் போகும். மற்றதற்குள் ஜன்னல் வாயைச் சுற்றி நீட்டிக்கொண்டிருக்கும் தகர விளிம்பு போகும். பள்ளமான சாலையில் வண்டியின் கூடு கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், கண்ணாடி முறுக்கிக்கொள்ளாது. வெயிலில் தகரம் கண்ணாடியைவிடக் கூடுதலாக விரியும். இந்த இழுபறி முழுவதையும் ரப்பர் தன் மேல் வாங்கிக்கொள்கிறது. இன்றைய கார்களில் பாலியூரித்தேன் பசையால் கண்ணாடியை உடம்போடு ஒட்டிவிடுகிறார்கள். வண்டியின் விறைப்பில் கண்ணாடிக்கும் பங்கு உண்டு. அந்த வண்டிகளுக்கு அது சரி. அம்பாசடருக்கு இந்த நெகிழ்ச்சிதான் சரி.

ரப்பருக்கு வயது உண்டு. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் அதை வெடிக்க வைக்கும். மென்மை தரும் எண்ணெய்ச் சத்து போகப் போக அது சுருங்கும். சுருங்கும்போது முதலில் விட்டுக்கொடுப்பது மூலைகளைத்தான். மேல் மூலையில் புகுந்த தண்ணீர் தகர விளிம்பின் வழியே ஓடி எங்கோ கீழே போய்ச் சொட்டும். சொட்டுகிற இடத்தில் ஓட்டையைத் தேடினால் கிடைக்காது. விவரமான ஃபிட்டர் உள்பக்கம் விளிம்பு நெடுக முகப் பவுடரைத் தூவிவிடுவார். வெளியே ஒருவர் ஹோஸ் பைப்பைக் கீழிருந்து மேலாக மெதுவாக நகர்த்த வேண்டும். பவுடரில் தண்ணீர் போடும் கோடு, புகுந்த இடத்துக்கே கொண்டுபோய் விட்டுவிடும்.

சிலிகான் மீது எனக்கு உள்ள கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. சாதாரண சிலிகான் காயும்போது வினிகர் வாடை வருமே, அது அசிட்டிக் அமிலம். தகரத்தில் பெயின்ட் விட்டுப்போன இடத்தில் பட்டால் துருவுக்கு வழி விடும். பூசின இடத்தில் பிறகு பெயின்டும் பிடிக்காது. மேலே அடைத்துவிட்டதால் ஏற்கெனவே உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் விளிம்பிலேயே தங்கிவிடுகிறது. அடுத்த மழைக்குள் விளிம்பு அரித்துப் பொத்தலாகியிருக்கும்.

ஆகவே கழற்றித்தான் ஆக வேண்டும். உள்ளே உட்கார்ந்து, மொண்ணையான பட்டையால் ரப்பரின் உள் உதட்டை விளிம்பிலிருந்து நெம்பி, மேல் மூலையிலிருந்து கண்ணாடியை வெளியே தள்ளுவார்கள். வெளியே ஒருவர் ஏந்திக்கொள்வார். ரப்பர் கல்லாகியிருந்தால் உதட்டைக் கத்தியால் அறுத்து எடுத்துவிடுவதே நல்லது. வெளியே வந்த கண்ணாடியைச் சாக்கின் மேல் படுக்க வைப்பார்கள். வெறும் சிமென்ட் தரையில் ஓரம் ஊன்ற நிறுத்தவே மாட்டார்கள். பின் கண்ணாடி 600 டிகிரிக்கு மேல் காய்ச்சிச் சட்டென்று காற்றால் குளிரவைத்த கடினக் கண்ணாடி. நடுவில் நல்ல அடி தாங்கும். ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்தால் மொத்தமும் கற்கண்டாக உதிர்ந்துவிடும்.

அதன் பிறகு வருகிற வேலைதான் கெட்டிக்காரரைக் காட்டும். விளிம்பிலுள்ள பழைய பசையும் துருவும் கம்பி பிரஷ்ஷால் சுத்தமாகப் போக வேண்டும். பொத்தல் இருந்தால் வெல்டிங் வைக்க வேண்டும், பட்டி வைத்து மூடக்கூடாது. ரெட் ஆக்சைடு, அதன் மேல் பெயின்ட், அது நன்றாகக் காய்வதற்கு நேரம். ரப்பர் இல்லாமல் கண்ணாடியை மட்டும் வாயில் வைத்து, சுற்றிலும் இடைவெளி ஒரே அளவா என்று பார்க்கிற ஃபிட்டரைக் கண்டால் அவரை விடாதீர்கள். மீட்டர் கணக்கில் வாங்கின பீடிங் என்றால், அளந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாக வெட்டி, இரு முனையையும் நெருக்கி வைப்பார். சரியான அளவுக்கு வெட்டினால் நாளைக்குச் சுருங்கி வாயைப் பிளக்கும்.

இப்போது கயிறு. கண்ணாடியைச் சுற்றி பீடிங்கை மாட்டியாயிற்று. தகரம் போக வேண்டிய பள்ளத்துக்குள் நைலான் கயிற்றைச் சுற்றிவர வைத்து, இரு முனையும் கீழே நடுவில் ஒன்றின் மேல் ஒன்று ஏறித் தொங்கும்படி விடுகிறார். உதட்டில் சோப்புத் தண்ணீர். மண்ணெண்ணெயோ கிரீஸோ கிடையாது, அவை ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். வெயிலில் கிடந்து இளகிய ரப்பரோடு கண்ணாடியைத் தூக்கி வாயில் பொருத்துகிறார்கள். ஃபிட்டர் உள்ளே போய்க் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக் கண்ணாடியின் நடுப்பக்கமாக இழுக்கிறார். வெளியே நிற்கும் பையன், கயிறு போகிற இடத்துக்கு நேராக அழுத்த வேண்டும்.

"முஷ்டியால குத்தாத தம்பி. உள்ளங்கையால தட்டு. நான் இழுக்கிற இடத்துல தட்டு."

"சரிண்ணே."

கயிறு விலக விலக ரப்பர் உதடு பிதுங்கி எழுந்து, விளிம்பைத் தாண்டி உள்பக்கம் படிகிறது. சைக்கிள் டயரை ரிம்மில் ஏற்றுவது போலத்தான், கீழே சுலபம், கடைசிச் சாண் கஷ்டம். கீழ்ப்பக்கம் முடிந்து, மூலை திரும்பி, மேலே வரும்போது ஃபிட்டரின் வேகம் குறைகிறது. அவசரப்பட்டுச் சுண்டினால் உதடு கிழிந்துவிடும். இழுப்பும் தட்டும் ஒரே தாளத்தில் போனால் தொப் தொப் என்று ஒரு மெல்லிய சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்தே ரப்பர் ஏறிவிட்டதா என்று அவர் தெரிந்துகொள்கிறார்.

பிறகு வெளி உதட்டைக் கொஞ்சம் தூக்கி, என்றும் இறுகாத சீலிங் பேஸ்ட்டை உள்ளே செலுத்துவார். கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவே ஒரு கோடு, ரப்பருக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு கோடு. அது இறுகாமல் இருப்பதால்தான் கூடு அசையும்போது கூடவே அசைந்து இடைவெளியை அடைத்துக்கொண்டே இருக்கிறது. பிதுங்கியதைத் துடைத்துவிட்டால் பேஸ்ட் போட்ட தடமே தெரியக்கூடாது. மூலையில் சுருக்கம் இல்லாமல், உதட்டின் அகலம் நான்கு பக்கமும் ஒன்றுபோல் இருந்தால் அது முதல் தரமான வேலை.

உங்கள் வீட்டு நிழலில் பழைய அம்பாசடரோ ஃபியட்டோ நின்றுகொண்டிருந்தால், புரட்டாசிக்குள் பின் கண்ணாடியை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். அசைந்தால் பீடிங்கை மாற்றிவிடுங்கள். மேலே சிலிகான் பூசினால் போதும் என்று யாராவது சொன்னால், வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த பட்டறைக்குப் போய்விடுங்கள். சென்னைக்காரர்கள் புதுப்பேட்டையிலோ ஜெனரல் பாட்டர்ஸ் சாலையிலோ, கயிறு போட்டு மாட்டுகிற ஆள் யார் என்று விசாரித்துப் பாருங்கள்.