படகு தேறியது, பாதை தேறவில்லை

கொச்சி நீர் மெட்ரோவைப் பற்றி வந்த எழுத்தில் பெரும்பகுதி பாராட்டுரை; மிச்சம் புகார்க் கடிதம். இரண்டிலும் அளவுகோல் இல்லை. 2023 ஏப்ரல் 25 அன்று தொடங்கிவைக்கப்பட்ட இந்தச் சேவை, கடலோரச் சுற்றுலாவுக்கு மின்சாரப் பொதுப் போக்குவரத்து எப்படி அமைய வேண்டும் என்று நாடெங்கும் காட்டப்படும் முன்மாதிரியாகிவிட்டது. மும்பை, மங்களூரு என்று மற்ற ஊர்களும் இதைப் பின்பற்றப் பேசுகின்றன. நகல் எடுப்பதற்கு முன் மூலத்தைத் திருத்தமாகப் படித்தாக வேண்டும். மின்சாரம், பொதுப்பயன்பாடு, சூழலுக்குக் கேடின்மை என்று மூன்று பெருமைகளைக் கோரும் திட்டம், மூன்றையும் ஒரே பயணத்தில் மெய்ப்பிக்கிறதா என்பதே இங்கே கேள்வி.

படகில் குறை காண அதிகம் இல்லை. கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் உருவான இந்த அலுமினிய இரட்டையுடல் படகு, 100 பேரை ஏற்றிக்கொண்டு எட்டு நாட் வேகத்தில், அதாவது மணிக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டரில் போகிறது. கரையை அரிக்கும் பெரிய அலையை எழுப்பாதபடி உடலை வடித்திருக்கிறார்கள். பேட்டரித் தேர்வில்தான் வடிவமைப்பின் தெளிவு தெரிகிறது. லித்தியம் டைட்டனேட் வகை, எடைக்கு எடை பார்த்தால் குறைந்த ஆற்றலைத்தான் சேமிக்கும், விலையும் கூடுதல். ஆனால் தீப்பிடிக்கும் அபாயம் குறைவு, ஆயுள் நீளம், பத்துப் பதினைந்து நிமிடத்தில் சார்ஜ் ஏறிவிடும். துறைக்குத் துறை நின்று போகும் படகுக்கு வேண்டியவை இவைதாம். நெடுந்தூரம் ஓடும் திறன் இங்கே வீண் சுமை. அவசரத்துக்கு ஒரு டீசல் ஜெனரேட்டரும் உண்டு. தூய்மைவாதிகள் இதைக் களங்கம் என்பார்கள். நூறு உயிரோடு நீர்நடுவே நிற்கும் படகுக்கு மாற்று வழி வைத்ததை நான் பொறுப்பு என்றே கொள்வேன். முதற்படகுக்கு ‘முசிறி’ என்று பெயர் சூட்டியது தமிழ் வாசகருக்கு இனிக்கும். அதற்கு மதிப்பெண் கிடையாது.

படகைவிடவும் நான் மெச்சுவது ஏறுமிடத்தை. பழைய படகுத்துறைகளில் நீர் ஏறி இறங்கும், படிக்கட்டு அசையாது, இடைவெளியைத் தாண்டிக் குதிக்க வேண்டும். இங்கே மேடையே மிதக்கிறது. ஏற்றத்திலும் வற்றத்திலும் மேடையின் தளமும் படகின் தளமும் ஒரே மட்டத்தில் நிற்பதால் சக்கர நாற்காலி தடையின்றி உருண்டு உள்ளே போகிறது. வாயிலில் தலை எண்ணப்படுகிறது. நூற்றோராவது ஆளுக்கு இடமில்லை. 2015 ஆகஸ்டில் ஃபோர்ட் கொச்சித் துறையருகே நடந்த படகு விபத்தில் 11 பேர் இறந்தார்கள். அதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, இந்த எண்ணும் வாயில் குளிரூட்டிய அறையைவிடப் பெரிய வசதி.

இனி, யாருக்காக ஓடுகிறது என்ற கேள்வி. இங்கேதான் திட்டத்தின் சொல்லும் செயலும் பிரிகின்றன. 78 படகுகள், 38 துறைகள், 10 தீவுகள் என்பது அறிவிக்கப்பட்ட வரைவு. தீவு மக்களை நகரத்தோடு இணைப்பதே அதன் நியாயம், ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கிக் கடன் உட்படத் திரட்டிய பொதுப்பணத்துக்குச் சொன்ன காரணமும் அதுவே. ஆனால் முதலில் திறந்த இரு வழித்தடங்களைப் பாருங்கள். ஒன்று உயர் நீதிமன்றத் துறையிலிருந்து வைப்பின் வரை. வைப்பினுக்கு 2004 முதல் கோஸ்ரீ பாலங்கள் இருக்கின்றன. மற்றது வைற்றிலாவிலிருந்து காக்கநாடு வரை; இரண்டும் நிலப்பகுதி, இரண்டுக்கும் சாலை உண்டு. பாலம் இல்லாதவரின் கடவு முதல் வரிசையில் வரவில்லை. தொடங்கிவைப்பதற்கு எளிய இடத்தைத் தேர்ந்தது நிர்வாக அளவில் புரிகிறது. ஆனால் முன்னுரிமை என்பது ஒரு திட்டத்தின் மெய்யான முகவுரை. 2025இலும் ஓடிய படகுகள் இருபதை ஒட்டியே இருந்தன.

சொல்லுக்கும் செயலுக்கும் நடுவிலான இந்த இடைவெளியை நிரப்பியவர்கள் சுற்றுலாப் பயணிகள். முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 20 லட்சம் பேர் ஏறினார்கள் என்ற எண் அடிக்கடி மேற்கோளாகிறது. அது கூட்டத்தைச் சொல்கிறது, பயனைச் சொல்லவில்லை. எர்ணாகுளத்தில் தங்கியவர் ஃபோர்ட் கொச்சிக்குக் காரில் போனால் தோப்பும்படி வழியாகச் சுற்ற வேண்டும். படகில் போனால் ஏறத்தாழ இருபது நிமிடம். அவர் காரை விட்டுப் படகில் ஏறினால் ஒரு கார்ப்பயணம் குறைகிறது. சீனவலைகள் நிற்கும் அந்தக் குறுகிய தெருக்களில் ஒரு வண்டியும் குறைகிறது. இது மெய்யான ஈட்டம். ஆனால் துறை வரை காரில் வந்து, வைப்பின் போய், அதே படகில் காற்று வாங்கிக்கொண்டு திரும்புபவரின் பயணம் எதையும் குறைக்கவில்லை. மின்சாரத்தில் ஓடியதாலேயே அது சூழலுக்கு உகந்ததாகிவிடாது. கேரளம் தன் மின்சாரத்தில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்குகிறது. அதில் நிலக்கரிப் பங்கு கணிசமானது. பயணிகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து வெற்றி கொண்டாடும் கணக்கில் இந்த இரு பயணிகளும் ஒன்றே. முறையியலில் இது அடிப்படைப் பிழை.

ஒப்பிட வேறெங்கும் போக வேண்டாம், வைக்கம் போதும். 2017 ஜனவரி முதல் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே வேம்பநாட்டுக் காயலைக் கடக்கும் ‘ஆதித்யா’, கூரையில் 20 கிலோவாட் சூரியத் தகடுகளைச் சுமந்து 75 பேரை ஏற்றுகிறது. குளிரூட்டி இல்லை, அகலக் கண்ணாடி இல்லை. ஏறுபவர் பெரும்பாலும் வேலைக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் போகும் ஊர்க்காரர். சுற்றுலா வருபவர் அவர்களோடு ஒருவராய் உட்கார்ந்துகொள்கிறார். டீசல் படகு ஓடிய அதே கடவில் ஓடுவதால், எதை அகற்றியது என்ற கேள்விக்கு அதனிடம் நேரான பதில் இருக்கிறது. மின்படகுகளுக்கான கஸ்டாவ் ட்ரூவே விருதை ஆதித்யா 2020இலும் கொச்சிப் படகு 2022இலும் பெற்றன. தொழில்நுட்பத்தில் பின்னது மேல். பொருத்தத்தில் முன்னது மேல். ஆதித்யாவின் எல்லையும் சிறியது என்பதை மறைக்கக் கூடாது: ஒரு கடவு ஒரு வலையமைப்பாகாது.

கட்டணத்தில் நீர் மெட்ரோ நுட்பமாகச் சிந்தித்திருக்கிறது. தொடக்கத்தில் ஒற்றைப் பயணம் 20 முதல் 40 ரூபாய் வரை. அப்போது அறிவித்த மாதப் பாஸ் 600 ரூபாய்க்கு 50 பயணம், ஆக ஒன்றுக்கு 12 ரூபாய். எப்போதோ வருபவர் கூடுதலாகத் தருகிறார், தினம் வருபவர் குறைவாகத் தருகிறார். நியாயமான கொள்கை. ஆனால் நூறு பேருக்கு மேல் ஏற்றாத படகில், விடுமுறை நாளில் தட்டுப்பாடு இருக்கைக்குத்தானே தவிர ரூபாய்க்கு அல்ல. கட்டணத்தில் செய்த வேறுபாடு வரிசையிலும் வந்தால்தான் கொள்கை முழுமை பெறும்.

ஒருங்கிணைவில் அமைப்பு இன்னும் தளர்வாகவே இருக்கிறது. கொச்சி நீர் மெட்ரோ நிறுவனத்தில் 74 விழுக்காடு மாநில அரசுடையது, 26 விழுக்காடு கொச்சி மெட்ரோ நிறுவனத்துடையது. அதே மாநில அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை, அதே காயலில், மிகக் குறைந்த கட்டணத்தில் தன் படகுகளை எர்ணாகுளத்தின் பழைய துறையிலிருந்து ஓட்டுகிறது. ஒரே உரிமையாளரின் இரு சேவைகள், தனித்தனித் துறைகள், தனித்தனிக் கட்டண உலகங்கள். ஊருக்குப் புதிதாக வந்தவர் குழம்பலாம், பாதகமில்லை. உள்ளூர்க்காரர் வசதிக்கு ஒன்று, சிக்கனத்துக்கு ஒன்று என்று பிரிந்து நிற்பதுதான் பொதுப்பயன்பாடு என்ற கூற்றைப் பலவீனப்படுத்துகிறது. காக்கநாட்டில் இறங்கியவர் இன்ஃபோபார்க் தகவல் தொழில்நுட்பப் பூங்காவுக்குப் போய்ச் சேரும் வழியும் தொடக்கத்தில் யோசிக்கப்பட்டதாகத் தெரியவில்லை. மின்சார இணைப்புப் பேருந்துகள் 2025 ஜனவரியில்தான் வந்தன. வந்த பிறகு அந்தத் தடத்தின் தர்க்கம் கூடியிருக்கிறது.

படகுக் கட்டுமானத்திலும் பாதுகாப்பிலும் கொச்சிக்கு முதல் வகுப்பு தரத் தயக்கமில்லை. வலையமைப்பாக அது இன்னும் இடைத்தரம். சூழலுக்கு உகந்த சுற்றுலா என்ற பட்டத்தை, எத்தனை கார்ப்பயணமும் டீசல் பயணமும் அதனால் நின்றன என்ற கணக்கு வெளிவரும்வரை நிறுத்திவைக்கிறேன். பின்பற்ற நினைக்கும் ஊர்கள் மிதக்கும் மேடையையும் எண்ணும் வாயிலையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். முதல் தடத்தைப் பாலமில்லாத கரையிலிருந்து தொடங்க வேண்டும்.