குரல் ஓயும் இடம்

குரல் கொடுப்பதும் ஒரு கலையா என்று கேட்டால் பலர் சிரிப்பார்கள். ஆடுகிறவன் கலைஞன், பிடில் வாசிக்கிறவன் கலைஞன். மேடை ஓரத்தில் ஒலிபெருக்கியின் முன் நின்று, 'இடப்பக்கம் வட்டமாகப் போங்கள்' என்று சொல்கிறவர் எப்படிக் கலைஞராவார்? அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் நியூ இங்கிலாந்து என்று வழங்கும் பிரதேசத்தில் கான்ட்ரா நடனம் என்று ஒன்று ஆடுகிறார்கள். சில மாலைகள் நானும் அந்த வரிசைகளில் நின்று ஆடியிருக்கிறேன். கலைஞர் என்ற பெயருக்கு அந்த ஒலிபெருக்கிக்காரருக்குள்ள உரிமை பிடில்காரருக்குள்ளதைவிடக் குறைந்ததல்ல என்பது என் அபிப்பிராயம். ஆனால் அந்தக் கலையை ரசிகர்கள் மதிப்பிடுகிற அளவுகோல் சரியானதுதானா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

நடனம் எப்படிப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஜனங்கள் ஜோடி சேர்ந்து இரண்டு நீண்ட வரிசைகளாக நிற்கிறார்கள். அடுத்தடுத்த இரண்டு ஜோடிகள் சேர்ந்து நாலு பேர் கொண்ட ஒரு குழு. கை கோத்து வட்டமிடுவது, எதிராளியைச் சுற்றி வருவது, துணையைப் பிடித்துச் சுழல்வது என்று சில அசைவுகள். மெட்டுக்கு இரண்டு பாகம். ஒவ்வொன்றையும் இருமுறை வாசிப்பார்கள். மொத்தம் 64 தட்டுகள். அவை முடியும்போது ஒவ்வொரு ஜோடியும் வரிசையில் ஓர் இடம் நகர்ந்து புதிய ஜோடியின் முன் நிற்கும். மறுபடியும் அதே அசைவுகள், அதே 64 தட்டுகள். பத்து நிமிஷத்துக்குள், பெயர் தெரியாத எத்தனையோ பேரின் கையைப் பிடித்துவிட்டு வந்திருப்போம்.

இதன் மூலம் இங்கிலாந்தின் கிராமிய நடனம். 1651-ல் ஜான் பிளேஃபோர்டு லண்டனில் வெளியிட்ட புத்தகத்திலேயே நூற்றுக்கு மேற்பட்ட நடனங்கள் இருக்கின்றன. கடல் கடந்து வந்த இந்த ஆட்டம் மற்ற இடங்களில் மங்கிய பிறகும் நியூ ஹாம்ப்ஷயர் போன்ற மாநிலங்களின் கிராமக் கூடங்களில் உயிரோடு இருந்தது. அப்படி இருந்ததற்குக் குரல் கொடுத்தவர்கள் ஒரு முக்கிய காரணம். ரால்ஃப் பேஜ் (1903-1985) அவர்களில் பெரியவர். குரல் கொடுத்ததோடு நில்லாமல் 1949 முதல் 1984 வரை 'நார்தர்ன் ஜங்கெட்' என்ற பத்திரிகையையும் நடத்தினார். 1960-களில் டட்லி லாஃப்மன் என்பவர் இளைஞர் கூட்டத்தை இந்தக் கூடங்களுக்கு இழுத்து வந்தார். 2009-ல் தேசியப் பாரம்பரியக் கலைஞர் விருது அவருக்குக் கிடைத்தது. ஆக, அந்த நாட்டுச் சர்க்காரே இதைக் கலை என்று ஒப்புக்கொண்டுவிட்டது. நமக்கு மட்டும் ஏன் தயக்கம்?

குரல் கொடுப்பவரின் வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் இசை இல்லாமல் எல்லோரையும் ஒருமுறை நடத்திக் காட்டுகிறார். பிறகு இசை தொடங்குகிறது. அசைவுக்கு அசைவு சொல்லிக்கொண்டு போகிறார். இங்கேதான் நுட்பம் இருக்கிறது. மெட்டின் முதல் தட்டில் கால் எழ வேண்டுமானால், சொல் அதற்கு முன்பே வந்து விழுந்திருக்க வேண்டும். முந்தைய வரியின் கடைசி மூன்று நாலு தட்டுகள்தான் அவருக்குக் கிடைக்கிற இடம். அதற்குள் யார், யாரோடு, என்ன செய்வது என்று மூன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு தட்டு பிந்தினால் கூடமே தடுமாறும். அதிகம் முந்தினால் அவசரக்காரர்கள் இசையை விட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். இத்தனை சிக்கனத்தோடு பேச வேண்டிய வேறு தொழில் எனக்குத் தெரிந்து இல்லை.

இன்னொரு விசேஷமும் உண்டு. அமெரிக்காவிலேயே சதுர நடனம் என்று ஒன்று இருக்கிறது. நவீனச் சதுர நடனத்தில் குரல் கொடுப்பவர் அசைவுகளை அவ்வப்போது மாற்றி மாற்றி அமைப்பார். அடுத்து என்ன என்பது ஆடுகிறவர்களுக்குத் தெரியாது. ஆகவே அவர் கடைசிவரை பேசியே ஆகவேண்டும். கான்ட்ராவில் அப்படி இல்லை. ஒரே அசைவுத் தொடர் திரும்பத் திரும்ப வருவதால் மூன்றாம் சுற்றிலோ நாலாம் சுற்றிலோ உடம்பு அதைக் கற்றுக்கொண்டுவிடுகிறது. குரல் குறைகிறது, வாக்கியம் ஒரு சொல்லாகிறது, பிறகு அதுவும் இல்லை. மிஞ்சுவது பிடிலும் பியானோவும் பலகைத் தரையில் விழுகிற காலடியும்தான்.

இதைப் பார்த்துத்தான் பழகிய ரசிகர்கள் ஒரு சூத்திரம் செய்துகொண்டார்கள்: சீக்கிரம் மௌனமாகிறவரே சிறந்தவர். இதை நான் பாதி உண்மை என்றுதான் சொல்வேன்.

நான் ஆடிய ஒரு மாலையில் குரல் கொடுத்தவர் கடைசிச் சுற்று வரை ஓயவில்லை. நடுநடுவே ஹாஸ்யம் வேறு. பிடில்காரர் என்ன வாசித்தார் என்பதே காதில் விழவில்லை. அது மோசம் என்பதில் அபிப்பிராய பேதம் இருக்க முடியாது. வேறொரு மாலையில் குரல் கொடுத்தவர் மூன்றாம் சுற்றிலேயே நிறுத்திக்கொண்டார். மேடைக்கு அருகே ஆடிய தேர்ந்தவர்கள் மெய்ம்மறந்தார்கள். ஆனால் வரிசையின் கடைக்கோடியில், அன்றுதான் முதன்முதலாக வந்த ஒரு கிழவரும் அவர் மனைவியும் திசை தெரியாமல் நின்றார்கள். எதிரே வந்த ஒவ்வொரு ஜோடியும் அவர்களை மூட்டையைப் போல இழுத்து அடுத்த இடத்தில் தள்ளிவிட்டுப் போயிற்று. இடைவேளைக்குப் பிறகு அந்த இருவரையும் கூடத்தில் காணவில்லை. அந்த மௌனத்தை நான் எப்படிப் புகழ்வேன்?

மூன்றாவதாக ஒரு பெண்மணியைச் சொல்ல வேண்டும். அவரும் பேச்சைக் குறைத்தார். ஆனால் கண் மட்டும் வரிசையின் கடைசியிலேயே இருந்தது. வரிசையின் கோடிக்குப் போகிற ஜோடி ஒரு சுற்று ஆடாமல் காத்திருந்து, பக்கம் மாறி, எதிர்த் திசையில் திரும்பி வர வேண்டும். புதியவர்கள் திகைத்துப்போவது அந்த இடத்தில்தான். புதியவர் ஒருவர் அங்கே போய்ச் சேரும்போதெல்லாம் அந்த அம்மாள் ஒரே ஒரு சொல் சொல்வார், மறுபடி மௌனம். மற்றவர்கள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. யாருக்குத் தேவையோ அவருக்கு மட்டும் கேட்ட குரல் அது. என் அளவுகோலை நான் அங்கேதான் எடுத்துக்கொண்டேன். ஒரு மாலை நன்றாக நடந்ததா என்பதைத் தேர்ந்தவர்களின் முகத்தில் பார்க்கக்கூடாது. இருப்பவர்களிலேயே மிகவும் தெரியாதவர் கடைசிவரை தங்கினாரா என்று பார்க்க வேண்டும்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் வேறு சில வழக்குகளுக்கும் தீர்ப்புக் கிடைக்கிறது. பழைய நடனங்கள் வேண்டுமா, புதியவை போதுமா என்பது ஒன்று. 1812-ல் கேப்டன் ஐசக் ஹல் பிரிட்டிஷ் போர்க்கப்பலை வென்றதை நினைவுபடுத்தும் 'ஹல்ஸ் விக்டரி' போன்ற பழைய நடனங்களில் முதல் ஜோடிக்குத்தான் வேலை அதிகம். இரண்டாம் ஜோடி பல நேரம் நின்றுகொண்டிருக்கும். இன்றைய நடனங்களில் எல்லோரும் எப்போதும் ஆடுகிறார்கள். அதுவே நியாயம் என்று பலர் பழையவற்றை ஒதுக்குகிறார்கள். நின்றுகொண்டிருப்பவனுக்கு ஒரு லாபம் உண்டு என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். அவன் பார்க்கிறான். பார்த்துக் கற்றுக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. ஒரு மாலையில் பழைய நடனம் ஒன்றாவது இருக்கட்டும் என்று நான் சொல்வது பழமைப் பற்றினால் அல்ல.

மற்றொன்று சொற்களைப் பற்றிய சண்டை. முன்பு ஆடுகிறவர்களைக் கனவான்கள், சீமாட்டிகள் என்றுதான் அழைத்தார்கள். 2010-களின் பிற்பகுதியிலிருந்து பல கூடங்களில் இடப்பக்கம் நிற்பவரை 'லார்க்' என்றும் வலப்பக்கம் நிற்பவரை 'ராபின்' என்றும் சொல்கிறார்கள். ஆணோ பெண்ணோ, எந்த இடத்திலும் நிற்கலாம். 'ஜிப்ஸி' என்ற அசைவின் பெயரையும், அது ஒரு ஜனசமூகத்தைக் குறிக்கிற சொல் என்பதால், பலர் மாற்றிவிட்டார்கள். மரபு போயிற்று என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. இங்கிலீஷில் இடம், வலம் இரண்டுக்கும் உள்ள முதலெழுத்தேதான் அந்தப் பறவைகளின் பெயருக்கும் முதலெழுத்து. பெயரைக் கேட்டதும் நிற்க வேண்டிய பக்கம் தெரிந்துவிடுகிறது. கனவான் என்ற சொல் அப்படி எதையும் சொல்லவில்லை. வரிசையில் நிற்கிற ஒருவரைக் கூசவைக்கிற சொல், அவர் காலை எழுப்புகிற வேலையைச் செய்யாது.

மாலை முழுவதையும் அமைப்பதும் குரல் கொடுப்பவரின் பொறுப்பே. எளியதில் தொடங்கி, கால்கள் பழகியபின் சிக்கலானதைக் கொடுத்து, களைப்பு வருமுன் மறுபடி எளிமைக்கு இறங்கி, ஒரு வால்ட்ஸில் முடிக்க வேண்டும். சிறுகதைத் தொகுப்புக்குக் கதைகளை வரிசைப்படுத்தியவர்களுக்கு இந்தக் கவலை புரியும்.

நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் சொந்த அக்கறை இருக்கிறது. ஆசிரியன் கதைக்குள் தலை காட்டக்கூடாது என்று நம்மிடையே ஒரு கட்சி. வாசகனுக்கு எல்லாவற்றையும் விளக்கிவிட வேண்டும் என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் வரிசையின் கடைசியைப் பார்ப்பதில்லை. வாசகனுக்கு வழி தெரியும்வரை சொல்வதும், தெரிந்த பிறகு விலகிக்கொள்வதும், மறுபடி அவன் தடுமாறுகிற இடத்தில் ஒரு சொல் கொடுப்பதும்தான் தொழில். எப்போது பேசுவது, எப்போது நிறுத்துவது என்பதற்கு விதி எழுதி வைக்க முடியாது. கூடத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படிப் பார்க்கச் சோம்பல்படுகிறவர் பேசினாலும் தொல்லை, மௌனமாக இருந்தாலும் தொல்லை.