நான்கு முளைகள்

புதுக்கோட்டை மாவட்டத்தில் போர்வெல் போடும் முன் நீரோட்டம் பார்க்கும் முறைகளில் மின்தடை ஆய்வும் ஒன்று. எஃகு முளைகள் நான்கு, ஒயர், பேட்டரி, அளவி: கருவி இவ்வளவே. வெளி முளைகள் இரண்டின் வழியே மின்சாரம் செலுத்தி, உள் முளைகளுக்கிடையே மின்னழுத்தத்தை அளக்கிறார்கள். வெளி முளைகளைத் தள்ளித் தள்ளி நட, மின்சாரம் மேலும் ஆழத்தைத் தொடுகிறது. காய்ந்த மண்ணில் முளையடியில் தண்ணீர் ஊற்றவும் வேண்டும். நீர் தேடுபவர் குடத்தோடு போவது வேடிக்கைதான்.

நார்த்தாமலைப் பக்கத்துக் கெட்டிப் பாறையில் மின்தடை எண் ஆயிரக்கணக்கான ஓம்-மீட்டர். நீர் தேங்கிய வெடிப்பில் சட்டென இறங்கும். ஆனால் கோட்டைப்பட்டினம் போன்ற கடலோரத்தில் களிமண்ணும் உப்புநீரும்கூடக் குறைந்த எண்ணையே காட்டும். எண்ணைப் படிப்பதில்தான் கைத்தேர்ச்சி.

எரிமலையடியின் பாறைக்குழம்பும் சூடான உப்புநீரும் மின்சாரத்தை எளிதில் கடத்துவதால், அவற்றைத் தேடுவதும் இதே தத்துவத்தில்தான். அத்தனை ஆழத்துக்கு முளை மின்சாரம் போதாது; மின்னலும் சூரியக் காற்றும் நிலத்தில் தூண்டும் இயற்கை மின்னோட்டத்தை அளக்கிறார்கள். லடாக்கின் பூகா வெந்நீரூற்றுப் பள்ளத்தாக்கில் ஐதராபாத்தின் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் இம்முறையில் ஆய்வு செய்துள்ளது.