சால்கடோவின் ஒளிப்படங்கள்: அழகும் எதிர்வினையும்

செபஸ்தியாவோ சால்கடோ (1944–2025) பிரேசிலில் பிறந்த ஒளிப்படக் கலைஞர். பொருளியல் பயின்றவர். இலண்டனில் பன்னாட்டுக் காப்பி அமைப்பில் பணியாற்றியபின், 1973-இல் ஒளிப்படத்துறைக்கு வந்தார். உழைப்பு, பஞ்சம், இடப்பெயர்வு ஆகியவற்றைக் கறுப்பு வெள்ளையில் பதிவுசெய்தார். ஒளிப்படம் கண்ணுக்கு இனிமை தர வேண்டுமா, மனத்தை உலுக்க வேண்டுமா என்ற விவாதத்தில் இவருடைய படங்கள் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றன.

செர்ரா பெலாடா

பிரேசிலின் பாரா மாநிலத்திலுள்ள செர்ரா பெலாடா தங்கச் சுரங்கத்தை 1986-இல் படம்பிடித்தார். கையாலேயே தோண்டப்பட்ட மாபெரும் பள்ளம் அது. மண் மூட்டைகளைச் சுமந்து, உடலெங்கும் சேற்றுடன், ஆயிரக்கணக்கான ஆண்கள் ஏணிகளில் ஏறுகின்றனர். தொலைவிலிருந்து எடுத்த படங்களில் ஏணிகள் கோடுகளாகவும் மனிதர்கள் புள்ளிகளாகவும் தெரிகின்றனர். கண் முதலில் அந்த ஒழுங்கை இரசிக்கிறது. அந்தப் புள்ளிகள் மனிதர்கள் என்பது பிறகுதான் உறைக்கிறது.

விமர்சனங்கள்

1991-இல் 'தி நியூ யார்க்கர்' இதழில் இங்கிரிட் சிஷி கடுமையான விமர்சனம் எழுதினார். துயரத்தை அழகுபடுத்தினால் பார்ப்பவர் படத்தை வியந்து பாராட்டுவார், ஆனால் எதுவும் செய்ய முற்படமாட்டார் என்பது அவர் வாதத்தின் சாரம். 2003-இல் வெளியான நூலில் சூசன் சொன்டாக் வேறொரு குறையைச் சுட்டினார். இடம்பெயர்ந்தோரைக் காட்டும் படங்களின் விளக்கக் குறிப்புகளில் அவர்களின் பெயர்கள் இல்லை. புகழ்பெற்றோருக்கு மட்டும் பெயர் தரும் வழக்கத்துக்கு இதுவும் துணைபோகிறது என்றார்.

மதிப்பீடு

அழகே குற்றம் என்னும் வாதம் முழுமையானதன்று. கண்ணை நிறுத்தாத படத்தை எவரும் நின்று பார்ப்பதில்லை. பார்க்காதபோது எதிர்வினைக்கும் இடமில்லை. அதிர்ச்சி மட்டுமே தரும் படமும் பார்ப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளச் செய்யலாம். ஆகவே, அழகு பார்வையை எங்கே கொண்டு சேர்க்கிறது என்று கேட்பதே பொருத்தமானது.

இதற்கு அதே சுரங்கத்திலிருந்து இரு சான்றுகள் கிடைக்கின்றன. ஒரு படத்தில், சுரங்கத் தொழிலாளி ஒருவர் காவலரின் துப்பாக்கிக் குழலைக் கையால் பற்றி நிற்கிறார். இங்கு ஒளியும் அமைப்பும் இருவருக்கிடையிலான மோதலை நோக்கியே கண்ணை இழுக்கின்றன. அழகு பொருளுக்குத் துணைசெய்கிறது. பள்ளத்தின் அகன்ற காட்சியிலோ அழகே தவறான முடிவுக்கும் வழிவகுக்கிறது. பார்ப்பவர் பலருக்கு அடிமைகள் பிரமிடு கட்டுவது போன்ற எண்ணமே தோன்றும். உண்மையில் அங்கிருந்தோர் அடிமைகள் அல்லர். தங்கம் கிடைக்கும் என்ற ஆசையில் தாமாகவே வந்தவர்கள். இரக்கம் எழுகிறது, ஆனால் அவர்களை அங்கே தள்ளிய வறுமையும் ஆசையும் படத்தில் இல்லை.

எனவே சொன்டாக்கின் குறை சிஷியின் குறையைவிட வலுவானது. படம் உணர்ச்சியை எழுப்பும். அந்த உணர்ச்சி யாருக்காக, எதனால் என்பதைச் சொல்லப் பெயரும் இடமும் காரணமும் வேண்டும். ஒளிப்படம் பயிலும் மாணவர்கள் சால்கடோவிடம் ஒளியைக் கற்கலாம். படத்தின் கீழே எழுத வேண்டிய இரண்டு வரிகளையும் அதே அக்கறையோடு கற்பது அவசியம்.