அரசனின் தலையும் வக்கீலின் செருப்பும்

புரட்சி பற்றி நம்மிடையே எழுதப்படுபவை பெரும்பாலும் ஒரு தேதியில் தொடங்கி இன்னொரு தேதியில் முடிந்துவிடுகின்றன. 1789 ஜூலையில் பாஸ்தி சிறை விழுந்தது, 1793 ஜனவரியில் பதினாறாம் லூயியின் தலை விழுந்தது, அப்புறம் நெப்போலியன் வந்து எல்லாத்தையும் கெடுத்தான். கதை முடிஞ்சுது. இந்தச் சொல்லாடலில் புரட்சி பாரிசில் பிறந்து பாரிசிலேயே செத்துப்போகிறது; மற்ற ஊர்களுக்கு அதன் செய்தி மட்டும் கப்பலேறி வருகிறது. இந்த வாசிப்பைத் திருப்பிப் போட்டால் என்ன? திண்டிவனத்துக்குக் கிழக்கே, மரக்காணம் போகும் வழியிலுள்ள பெருமுக்கல் மலையடிவாரத்திலிருந்து பிரெஞ்சுப் புரட்சியைப் பார்த்தால் என்ன தெரியும்?

1760-இல் வந்தவாசியில் தோற்ற பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்த மலைக்கோட்டையை அயர் கூட் பிடித்தான். 1782-இல் ஹைதர். 1783-இல் மறுபடி ஆங்கிலேயர். 1790-91 போரில் திப்பு. முப்பதே ஆண்டுகளில் இத்தனை கொடிகள். அடிவாரத்தில் உழுதவனுக்குக் கொடி மாறியது என்றால் வரி கேட்டு வரும் ஆள் மாறினான் என்று அர்த்தம், அவ்வளவுதான். அதே போரின்போது புதுச்சேரிப் பக்கம் வந்த திப்பு, படை கேட்டுப் பதினாறாம் லூயிக்குத் தூதனுப்பினார். லூயியோ அப்போது தன் சொந்த மக்களின் பிடியில் இருந்தான். 1797-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஜாக்கோபின் சங்கம் கூட்டிச் சுதந்திர மரம் நட்டபோது, அரசனிடம் உதவி கேட்ட அதே திப்பு 'குடிமகன் திப்பு' ஆனார். அந்தச் சங்கத்தில் அவருக்கு எவ்வளவு பங்கு என்பது இன்றும் சர்ச்சை. நமக்கு வேண்டியது வேறு. ஓர் அரசன்கூடச் சூட்டிக்கொள்ளக்கூடிய பட்டமாக அந்தச் சொல் மாறிவிட்டது.

'குடிமகன்' என்ற தமிழ்ச் சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நம்ம ஊர்ப் பக்கம் பெரியவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. குடிமகன் என்றால் முடிதிருத்துபவர். ஊருக்குக் கடமைப்பட்டு வேலை செய்து, களத்துமேட்டில் கூலியாக நெல் வாங்கும் சாதிகளுக்குப் பொதுப்பெயர் குடிமக்கள். பாரிசில் அரசனுக்குச் சமமாக நிற்பவனைக் குறித்த சொல்லைத் தமிழாக்கும்போது, ஊர் முன்னால் சமமாக நிற்க முடியாதவனைக் குறித்த சொல் வந்து அமர்ந்தது. இந்த இரண்டு அர்த்தங்களுக்கும் இடையிலான தகராறுதான் இம்மண்ணில் அந்தப் புரட்சியின் வரலாறு என்பேன்.

1790-இல் செய்தி எட்டியதும் புதுச்சேரியில் சபை கூடியது. அது வெள்ளையர்களின் சபை. தமிழர்கள் தங்கள் குறைகளை மனுவாகக் கொடுத்தார்கள். சபையில் இடம் கிடைக்கவில்லை. 1793 ஆகஸ்டில் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்தார்கள். 1816-இல் அது பிரான்சுக்குத் திரும்பியபோது அங்கே மறுபடி லூயி குடும்பம்தான் ஆட்சி. 1848 புரட்சி வந்து அடிமை முறையை ஒழித்தது, பிரெஞ்சிந்திய ஆண்களுக்கு வாக்குரிமை தந்தது. வாக்குரிமை சில ஆண்டுகளில் பறிபோய், மூன்றாம் குடியரசோடு திரும்பியது. அடிமை முறை ஒழிந்த ரீயூனியன் கரும்புத் தோட்டங்களுக்கோ, புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினார்கள். ஒரு கையில் விடுதலை, மறுகையில் கங்காணி.

1873-இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வக்கீல் ஐரோப்பியச் செருப்பு (ஷூ) அணிந்து புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் போனார். நீதிபதி மறுத்தார். வழக்கு பாரிசுவரை போய் வக்கீல் வென்றார். சட்டத்தின் முன் சமத்துவம் என்ற அருவமான கோட்பாடு இங்கே ஒரு ஜோடிச் செருப்பாகத் தரையிறங்கியது. ஆனால் வென்றவர் வேளாளர். ஊர்த் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கவேண்டியவருக்கு இந்தத் தீர்ப்பால் என்னாச்சு? ஒண்ணும் ஆகல. 1881-இல் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வரலாம் என்ற ஆணை வந்ததும் கிறிஸ்தவர்களும் தலித்துகளும் பெருமளவில் கையெழுத்திட்டார்கள். முன்னால் நின்றவர் அதே பொன்னுத்தம்பி. இப்போது 'லா போர்த்' என்று பெயர். சண்முக வேலாயுத முதலியாரின் தலைமையில் சாதி இந்துக்கள் எதிர்த்து அணிதிரண்டார்கள். 1884-இல் வாக்காளர் பட்டியலே ஐரோப்பியர், துறந்தோர், துறக்காதோர் என மூன்றாகப் பிளக்கப்பட்டது. அரசனை ஒழித்த குடியரசு, வாக்குப்பெட்டிக்கு முன்னால் மூன்று வரிசை போட்டது.

மன்னன் போனபின் அதிகாரத்தின் இருக்கை காலியாகிறது, அதை யாரும் நிரந்தரமாகச் சொந்தம் கொண்டாட முடியாது என்பது க்லோத் லெஃபோரின் வாதம். பாரிசுக்கு அது பொருந்தலாம். நம்மூரில் அந்த இருக்கை காலியாகவே இல்லை. அரசன் எழுந்திருக்கும் முன்பே சாதி அதில் துண்டு போட்டு வைத்திருந்தது. அரசனுக்கு ஒரே ஒரு கழுத்து. சாதிக்குக் கழுத்து எங்கே இருக்கிறது?

1936 ஜூலை 30-இல் புதுச்சேரி சவானா ஆலையில் 12 தொழிலாளர்கள் சுடப்பட்டுச் செத்தார்கள். பிரான்சில் மக்கள் முன்னணி ஆட்சிக்கு வந்திருந்த காலம் அது. அதன்பிறகே எட்டு மணிநேர வேலை இங்கே சட்டமானது. பாரிஸ் அனுப்பிவைத்த சரக்காக அது வரவில்லை. வெளியே நிறுத்தப்பட்டவர்கள் உள்ளே நுழையும்போதெல்லாம் புரட்சி மறுபடி தொடங்கியிருக்கிறது. உள்ளே போனவர்கள் கதவைச் சாத்தும்போதெல்லாம் அது நின்றிருக்கிறது. நெப்போலியனைத் திட்டுவதில் நாம் காட்டும் உற்சாகத்தை இந்தக் கதவு சாத்துபவர்களிடம் காட்டுவதில்லை.

1954-இல் ஆற்றிய வானொலி உரையில், சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்றையும் தான் பிரெஞ்சுப் புரட்சியிடமிருந்து பெறவில்லை, புத்தரிடமிருந்து பெற்றதாக அம்பேத்கர் சொன்னார். அதே ஆண்டு நவம்பர் 1-இல் புதுச்சேரியை விட்டு பிரெஞ்சு நிர்வாகம் வெளியேறியது. அம்பேத்கரின் கூற்றைப் பூர்வீகப் பெருமையாக வாசிப்பது தவறு. அரசனை மட்டும் எதிர்த்த புரட்சியிலிருந்து, அரசனையும் சாதியையும் சேர்த்து எதிர்க்க வேண்டிய புரட்சிக்குச் சொற்களை இடம்பெயர்க்கிறார் அவர்.

1978-இல் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் எல்லோரும் அரசியல் சட்டப்படி குடிமக்கள். 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், தேர்தலில் வென்ற தலித் பெண் ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்ட படம் வெளியே வந்தது. மற்றவர்கள் நாற்காலியில். அது தங்க சிம்மாசனம் இல்லை, சாதாரண நாற்காலி. அதில் அந்தம்மா உட்கார முடியாதவரை, 1793-இல் பாரிசில் விழுந்த தலையைப் பற்றி நாம் கூட்டம் போட்டுப் பேசுவதற்கு என்ன பொருள் என்று தோழர்கள்தான் சொல்ல வேண்டும்.